மூன்று மூலையில் மஞ்சள்

சவுரியம்மாளுக்குத் தபால்தலை ஒட்டும் வேலை கிடைத்தது ஒரு ரமலான் மாதத்தில். நல்ல சித்திரை வெயில். ஆம்பூரில் முனீர் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் அவள் அப்போது ஆபீஸ் அறையைப் பெருக்குகிறவள். அன்று மேஜைமேல் நாற்பது கடிதங்கள் தலை ஒட்டாமல் கிடந்தன. குமாஸ்தாக்கள் இரண்டு பேரும் நோன்பு. விடிந்ததிலிருந்து தண்ணீர் படாத நாக்கில் பசையை வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். தலைமைக் கணக்கர் சுந்தரமூர்த்திக்கு நோன்பு இல்லை. ஆனால் அவர் சொந்த வீட்டுச் செம்பிலும் அண்ணாந்து குடிக்கிற மனிதர். எச்சில் என்றால் ஒரு முழம் தள்ளி நிற்பார். கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து ஒட்டிப் பார்த்தார். பசை கரைந்து, தலை அவர் விரலோடு வந்தது.

"இந்தா சவுரி, நீ வந்து ஒட்டு," என்றார்.

அவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தாள். மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க நாக்கை நீட்ட அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இதோ வர்றேன்" என்று வெளியே போய், பதனிட்ட ஆட்டுத் தோலில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று பொறுக்கி வந்தாள். கழுவி, நனைத்து, பிழிந்து, ஒரு சாஸரில் வைத்தாள். தோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் ஆறு வருஷம் வேலை செய்தவளுக்கு அது தெரியாதா? தலையின் முதுகை அதன்மேல் ஓர் இழுப்பு, உறைமேல் ஓர் அழுத்து. நாற்பதும் அரை மணியில் முடிந்தன. ஒன்றுகூடக் கோணவில்லை.

நோன்பு முடிந்தது, பெருநாளும் முடிந்தது. அவளை யாரும் பழையபடி துடைப்பத்தை எடுக்கச் சொல்லவில்லை. ஜன்னலோரம் ஒரு முக்காலி அவளுடையதாயிற்று. அதில் பதினொரு வருஷம் உட்கார்ந்தாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அம்மாவுக்குக் கை ஒடிந்த வருஷம் படிப்பு நின்றது. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் 'லண்டன்' எப்படி இருக்கும், 'மெட்ராஸ்' எப்படி இருக்கும் என்று ஆள் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்வதுபோல் வைத்திருந்தாள். ஆபீசில் அவள் குரலைக் கேட்டவர்கள் கம்மி. 'சரிங்க ஐயா', 'ஆச்சுங்க ஐயா' என்பதோடு அவள் பேச்சு முடிந்துவிடும். பார்ப்பது மட்டும் ஓயாது. யார் எந்தப் பேனாவால் எழுதுகிறார்கள், எந்தக் கடிதம் எத்தனை நாளில் பதில் கொண்டுவருகிறது எல்லாம் அவள் கண்ணில் இருந்தது.

வருகிற தபாலைப் பிரிப்பதும் அவள்தான். கிராமத்துக் கடிதங்களை உறையைக் கிழிக்காமலே அவள் பாதி வாசித்துவிடுவாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், காதுகுத்து, ஏதோ நல்ல சேதி. மூலையில் கறுப்பு மை இருந்தால் சாவு. கறுப்பு மூலைக் கடிதத்தை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக எடுத்துப்போய், அதற்குரியவர் கையில் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருவாள்.

புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே பெண் ஆரோக்கியமேரி. வேலூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியின் போர்டிங்கில் தங்கிப் படித்தாள். இன்னும் இரண்டு வருஷம் போனால் வாத்தியாரம்மா ஆகலாம் என்று மதர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வருஷமும் இந்த முக்காலியில்தான் இருந்தது. தொட்டி வேலைக்குத் திரும்பினால் தாய் ஒருத்தியின் வயிறுதான் நிரம்பும். பெண்ணையும் கூட்டிவந்து தோல் காயப்போடும் களத்தில் நிறுத்த வேண்டியதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் மெட்ராசிலிருந்து ஒரு மரப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் கறுப்பாக ஓர் இரும்பு மிஷின். பக்கத்தில் கைப்பிடி. கூடவே வந்த கம்பெனி ஆள் ஓர் உறையை அதன் வாயில் கொடுத்து, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். உறை அந்தப் பக்கம் வந்தது. வலது மேல் மூலையில், தலை ஒட்டுகிற இடத்தில், சிவப்பு மையில் பளிச்சென்று ஒரு முத்திரை: கட்டணம் ஒரு கட்டத்தில், ஊரும் தேதியும் ஒரு வட்டத்தில்.

"அவ்ளோதான்," என்றான் அவன். "ஸ்டாம்பு வேணாம், பசை வேணாம், எண்ண வேணாம். போஸ்டாபீசுல முன்கூட்டியே காசைக் கட்டிட்டா மிஷினே கழிச்சிக்கும். தேதிய மட்டும் தினமும் மாத்தணும். தப்பான தேதி போட்டா கவுண்டர்ல வாங்க மாட்டாங்க."

சுந்தரமூர்த்தி தாமே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. குழந்தைக்குக் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

"பாத்தியா சவுரி? உன் தோல் துண்டை இனிமே நாய்க்குத்தான் போடணும்."

முதலாளி முனீர் அகமது கடுமையானவர் அல்ல. ஆனால் சும்மா ஓர் ஆளை உட்கார்த்தி வைக்கிறவரும் அல்ல. அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார். "சவுரியம்மா, பக்ரீத் வரைக்கும் இங்கியே இரு. கடுதாசி மடிக்கிற வேலை ஜாஸ்தி இருக்கு. அப்புறம் தொட்டிப் பக்கம் மேஸ்திரிகிட்ட சொல்லி எடம் போட்டுத் தர்றேன்."

"சரிங்க மொதலாளி," என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு முக்காலணாக் கார்டு வாங்கினாள். 'பரீட்சை முடிந்ததும் பெட்டியோடு வந்துவிடு' என்று மகளுக்கு எழுதவேண்டும். எழுத மனம் வரவில்லை. கார்டை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

தோல் தொழிலுக்குப் பக்ரீத் ஓர் அறுவடை. ஊர் ஊராக ஆடு மாடு அறுத்துக் குர்பானி கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளில் மலைமலையாகப் பச்சைத் தோல் விழும். உப்புப் போட்டு உடனே வண்டியில் ஏற்றாவிட்டால் அழுகிப்போகும். அதனால் ஒவ்வொரு வருஷமும் மூன்று வாரம் முன்னதாகவே, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தோல் சேகரிக்கிற அறுபது பேருக்கும் முதலாளி கடிதம் போடுவார்: உப்பு இங்கே வாங்கிக்கொள்ளுங்கள், வண்டி இன்ன நாள் வரும் என்று. அந்த வருஷம் அறுபது கடிதமும் மிஷின் வழியாகப் போயின. சுந்தரமூர்த்தி கைப்பிடி சுற்றினார். சவுரியம்மாள் மடித்து, ஒட்டி, முகவரி ஒரே பக்கமாக அடுக்கி, கட்டுக் கட்டிப் போஸ்டாபீஸ் கவுண்டரில் கொடுத்தாள். மிஷின் கடிதத்தைத் தெருப்பெட்டியில் போடக் கூடாதென்று சட்டம்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒரு பதிலும் இல்லை. உப்பு வாங்க ஓர் ஆள் வரவில்லை. அடுத்த புதன்கிழமை தபால்காரர் காசி ஒரு கட்டைக் கொண்டுவந்து கணக்கர் மேஜைமேல் போட்டார்.

"இன்னா கணக்கரே, அனுப்பினதெல்லாம் மாமியாரோட சண்டை போட்டுக்கினு வந்த மருமக மாதிரி திரும்பி வருது?"

ஒன்பது கடிதங்கள். உறைமேல் கிராமத்துத் தபால்காரர்களின் கோணல் எழுத்தில் 'வாங்க மறுத்தார்'. மறுநாள் இன்னும் பதினாலு. ஆக இருபத்து மூன்று. மீதி என்ன ஆயிற்றென்று தெரியவில்லை.

சுந்தரமூர்த்தியின் முகம் சுண்டிப்போயிற்று. மிஷின் வாங்கலாம் என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். இப்போது அவர் கண் நேராக ஜன்னலோர முக்காலிக்குப் போயிற்று.

"மடிச்சது யாரு, ஒட்டினது யாரு, கொண்டுபோய்க் குடுத்தது யாரு? இவதான் மொதலாளி! வேலை போவுதுன்னு வயித்தெரிச்சல். உள்ள கண்ட காகிதத்தையும் வெச்சி அனுப்பியிருப்பா!"

"வாங்காதவன் உள்ள இருக்கறத எப்படிப் பாத்தான்?" என்று காசி போகிற போக்கில் கேட்டார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

முதலாளி அவளைப் பார்த்தார். "ஏம்மா, ஏதாச்சும் பண்ணியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். சொல்ல நிறைய இருந்தது. 

"பக்ரீத்துக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு. எனக்கு இந்தப் பேஜார் வேணாம். வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை காலையில நீ தொட்டிக்குப் போய்டு, சவுரியம்மா."

அன்று மாலை மேஜையைத் துடைக்கும்போது அவள் திரும்பி வந்த கட்டைப் புரட்டிப் பார்த்தாள். அதே மிஷின் வழியாக வேறு ஊர்க் கடிதங்களும் போயிருந்தன. மெட்ராஸ் பெரியமேட்டுக்குப் போனவற்றுக்குப் பதிலே வந்துவிட்டது. திரும்பியவை எல்லாம் கிராமத்துக் கடிதங்கள். உறைகள் பிரிக்கப்படவே இல்லை. அப்படியானால் அவர்கள் வேண்டாமென்றது உள்ளே இருந்ததை அல்ல, மேலே இருந்ததை. மேலே புதிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

இருபத்து மூன்றில் ஒன்றை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஆபீசிலிருந்து ஒரு குண்டூசிகூட எடுத்துப் போகாதவள். தெருமுனை திரும்பும்வரை முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் சந்தை. மணலில் நடந்து போனாள். மாட்டுச் சந்தைக்கு ஓரமாகத் தோல்காரர்கள் உட்காரும் இடத்தில் பச்சையப்பன் இருந்தான். பத்து வருஷமாக ஷாப்புக்குத் தோல் போடுகிறவன். வாய் ஓயாத ஆள். அவள் முந்தானையில் இருந்தது அவனுக்குப் போய்த் திரும்பிய கடிதம்.

"அட, தோல் ஷாப்பு அக்காவா! இன்னாக்கா, சம்மன் குடுக்க உன்னையே அனுப்பிட்டாரா சாயபு?"

சுற்றி இருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். சவுரியம்மாள் கிட்டப் போய் நின்றாள்.

"இன்னா சம்மன்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குது பாரு! ராஜா தலை போட்ட ஸ்டாம்பு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரத்தக் கலர்ல வட்டமா சீலு. அது சம்மன் இல்லாம சீமந்தப் பத்திரிகையா? போன வருசம் என் மச்சான் கையில கோர்ட்டு அமீனா இதேமாதிரி செவப்பு சீல் காகிதத்தைக் குடுத்தான். வாங்கினான் பாவி. மூணாம் மாசம் ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கினு போய்ட்டானுங்க. வாங்கினாத்தானே வம்பு? எனக்கு வேணாம்னு திருப்பிட்டேன். இதோ இவனுங்களுக்கும் சொல்லிட்டேன், சாயபு நம்ம எல்லார் மேலயும் கேஸு போட்டுட்டாரு, எவனும் கைநீட்டாதீங்கடான்னு. இந்தப் பக்ரீத் தோலு வாணியம்பாடி ஷாப்புக்குத்தான்."

"கேஸு இல்ல. அது மிஷின். ஸ்டாம்புக்குப் பதிலா மிஷின்ல குத்தறாங்க."

"மிஷினாம்!" என்றான் இன்னொருவன். "ராஜா தலைய எடுத்துட்டு மிஷினு வெச்சிட்டாங்களாம்டா!"

மறுபடி சிரிப்பு. அவள் முந்தானையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். பச்சையப்பன் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"நீ வாங்க வேணாம்," என்றாள். "நான் படிக்கிறேன். கேளு."

உறையைக் கிழித்தாள். அவள் கடைசியாக எழுந்து நின்று வாசித்தது மூன்றாம் வகுப்பில். அதற்குப் பிறகு நாலு பேர் முன்னால் வாய் திறந்து வாசித்ததில்லை. மாடுகள் கத்தின, எவனோ விலை கூவினான். எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். "பச்…சையப்பனுக்கு… முனீர் அகமது… சலாம். பக்ரீத் முடிந்த… மறுநாள்… வண்டி வரும். உப்பு… நாலு மூட்டை… உன் பேருக்கு… எடுத்து வைத்திருக்கிறேன். போன வருஷம்போல்… உப்பைக் குறைத்துத்… தோலைக் கெடுக்காதே."

பச்சையப்பன் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தான். பிறகு பக்கத்திலிருந்தவன் முதுகில் ஓர் அறை வைத்தான்.

"சாயபுதான்டா! கேஸு போடறவன் உப்பைப் பத்தியா எழுதுவான்? போன வருசம் உப்பு கம்மியா போட்டத இன்னும் மறக்கல பாரு, மனுசன்!"

அங்கே இருந்தவர்கள் நம்பிவிட்டார்கள். ஆனால் அங்கே இருந்தது எட்டுப் பேர். மீதிப் பேர் ஐம்பது கிராமத்தில் இருந்தார்கள். எல்லோருக்கும் போய் வாசித்துக் காட்ட முடியுமா? மறுபடி கடிதம் போட்டால், சிவப்பைக் கண்டதும் மறுபடி கையைக் கட்டிக்கொள்வார்கள். ஆற்று மணலில் திரும்பி நடக்கும்போது இதையே உருட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பைப் பார்த்தால் சாவு என்கிறார்கள். சிவப்பைப் பார்த்தால் கோர்ட்டு என்கிறார்கள். உறையைப் பிரிக்காமலே வாசிக்கிறவள் அவள் ஒருத்தி மட்டுமா? பாதி ஆற்றில் நின்றுவிட்டாள். பிறகு கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை அவள் தொட்டிப் பக்கம் போகாமல் ஆபீசுக்குள் வந்தாள். சுந்தரமூர்த்தி கட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்திரெண்டுதான் இருக்கு. ஒண்ணு எங்க?"

அவள் பச்சையப்பன் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மொதலாளி! பாத்தீங்களா? திருடியும் இருக்கா!"

முனீர் அகமது உள்ளே இருந்து வந்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, இரவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்ததை ஒரே மூச்சில் சொன்னாள். சிவப்பு முத்திரை, அமீனா, பச்சையப்பன் மச்சானின் மாடுகள், வாணியம்பாடி எல்லாம். வாணியம்பாடி என்றதும் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அல்லா! அறுபது பேரும் அங்க போய்ட்டா நம்ம தொட்டியில தவளைதான் விடணும். சரி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்புங்க கணக்கரே."

"மிஷினுக்குக் கட்டின காசு, மொதலாளி… இன்னைக்கு ஸ்டாம்பு ஒட்டினா நாளைக்கும் ஒட்டணும். அப்புறம் மிஷின் எதுக்கு?" சுந்தரமூர்த்தியின் குரல் இறங்கியிருந்தது.

அப்போதுதான் சவுரியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பெரிய மஞ்சள் கிழங்கு.

"மிஷின்லயே போவட்டுங்க. மூலையில மஞ்சா தடவிட்டா வாங்கிக்குவாங்க. மஞ்சா வெச்சத வேணாம்னு யாரும் திருப்ப மாட்டாங்க. திருப்பினா குத்தம்."

சுந்தரமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். "தோல் ஷாப்புக் கடுதாசிக்கு மஞ்சளா? யாருக்கு யாரோட கல்யாணம்? ஆட்டுக்கும் மாட்டுக்குமா?"

முதலாளியும் சிரித்தார். ஆனால் அவர் தோல் வாங்கிப் பிழைக்கிறவர். தோல் கொடுக்கிறவன் மனசு அவருக்குத் தெரியும். "அரே, சிரிக்காதீங்க. எனக்கு அவங்க அனுப்பற கல்யாணக் கடுதாசிய நான் மஞ்சா பாத்துத்தானே மொதல்ல பிரிக்கிறேன்? தடவும்மா, தடவு."

தபாலோடு வந்த காசியும் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "முத்திரை மேல மட்டும் படக் கூடாது. கறை பட்டா கவுண்டர்ல தள்ளிடுவாங்க."

அதில்தான் சிக்கல் வந்தது. மஞ்சள் நான்கு மூலைக்கும் வைக்கவேண்டும். நாலாவது மூலையில் முத்திரை உட்கார்ந்திருந்தது. ஒரு மூலையை விட்டால் குறை வைத்த மாதிரி. சவுரியம்மாள் கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்த உறை ஒன்றில் முன்பக்கம் மூன்று மூலைக்கு வைத்துப் பார்த்தாள். உறையைத் திருப்பி, முத்திரைக்கு நேர் முதுகில் நாலாவதை வைத்தாள். மஞ்சளை இழைத்தது ஒரு கல்லில். தொட்டு வைத்தது பழைய தோல் துண்டால்.

புது உறைகளில் முகவரி எழுதியாயிற்று. சுந்தரமூர்த்தி விறைப்பாக மிஷின் முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். முதல் உறை வெளியே வந்தது. அவள் கையில் வாங்கியவள் மஞ்சள் தொடாமல் நின்றாள்.

"இன்னா, நல்ல நேரம் பாக்கறியா?"

"தேதிங்க ஐயா. வியாழக்கிழமை தேதி இருக்கு."

வெள்ளி விடுமுறை. வியாழக்கிழமை குமாஸ்தா வைத்த எண்கள் அப்படியே இருந்தன. அறுபதும் கவுண்டரில் தள்ளுபடி ஆகியிருக்கும். சுந்தரமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்பத் தேடினார்; விரல் எங்கேயோ தடவிற்று. அவள் எட்டி, சின்னக் கதவைத் திறந்து, இரண்டு பல் தள்ளினாள். கம்பெனி ஆள் காட்டிக் கொடுத்த அன்று அவள் முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமை முதல் ஆள் உப்புக்கு வந்தான். புதன்கிழமை ஐந்து பேர். அவர்களில் ஒருவன் உறையைப் பத்திரமாக மடித்து மடியில் வைத்திருந்தான். "சாயபு வூட்ல இன்னா விசேசம்?" என்று கேட்டான். உப்பு என்றதும் அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. அறுபதில் ஐம்பத்தேழு பேர் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் ஊரில் இல்லை. ஒருவன் செத்துப்போயிருந்தான், அவன் வீட்டிலிருந்து கறுப்பு மூலையோடு ஒரு கார்டு வந்தது.

பக்ரீத் தோல் மூன்று நாள் ராப்பகலாக வந்து இறங்கியது. நாலாம் நாள் முதலாளி சவுரியம்மாளைக் கூப்பிட்டார். சுந்தரமூர்த்தி பக்கத்தில் நின்றார்.

"கணக்கருக்குக் கைப்பிடி சுத்திச் சுத்தித் தோள் வலிக்குதாம்," என்றார் முதலாளி. "அப்படித்தானே கணக்கரே?"

"ஆமாங்க. ரெண்டு நாளா ஜாஸ்தி," என்றார் சுந்தரமூர்த்தி, கூரையைப் பார்த்தபடி.

"மிஷினை நீ பாத்துக்கோ, சவுரியம்மா. தேதிய மறக்காத. தோல்காரங்க கடுதாசிக்கு மஞ்சாவும் வெச்சிடு. லண்டன் கடுதாசிக்கு வெச்சிடாத, அங்க இன்னா சாயம்னு கேட்டு எழுதுவானுங்க."

"சரிங்க மொதலாளி."

முக்காலியை ஜன்னலோரத்திலிருந்து மிஷின் பக்கம் அவளே தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்த கார்டை எடுத்துப் பார்த்தாள். அது வேறு சேதிக்கு வாங்கிய கார்டு. அதில் இதை எழுத அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பச் செருகிவிட்டு, ஒரு தாளில் பென்சிலால் எழுதினாள்: 'ஆரோக்கியமேரிக்கு அம்மா எழுதுவது. வேலை இருக்கிறது. நீ படி.' அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கொஞ்சம் இடம் விட்டு, 'மிஷின் வேலை' என்று சேர்த்தாள்.

மறுநாள் ஆபீஸ் கட்டைக் கவுண்டரில் கொடுத்த பிறகு, சொந்தக் காசில் ஓர் உறையும் ஒரணாத் தலை ஒன்றும் வாங்கினாள். ஷாப்பு மிஷின் ஷாப்புக் கடிதத்துக்குத்தான். தோல் துண்டு ஆபீஸ் சாஸரில் கிடந்தது. கவுண்டர் ஆள் உள்ளே போய்விட்டார். காசியைத் தவிர அங்கே யாரும் இல்லை. அவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தபால் பை கட்டிக்கொண்டிருந்தார். அவள் தபால்தலையைத் திருப்பி நாக்கில் ஓர் இழுப்பு இழுத்தாள். பதினொரு வருஷத்தில் அந்தப் பசையின் ருசியை அன்றுதான் பார்த்தாள். ஒன்றும் இல்லை, லேசாக இனிப்பு. அழுத்தி ஒட்டினாள். விரல் நகத்தில் தங்கியிருந்த மஞ்சளை மூலைக்கு மூலை தேய்த்து, பெட்டியில் போட்டாள்.